மோட்டார்ஹோம் கூரை ஜன்னல் ஒழுகினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது 2009 மாடல் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டி), ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டியது. 2019இல் லெஸ்டர் பக்கம் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினோம். வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே படுக்கைக்கு மேலே இருக்கும் கூரை ஜன்னல் ஒழுக ஆரம்பித்தது. மேலே பசையைப் பூசினோம், நின்றது. ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகியது, மறுபடி பூசினோம். இப்படியே இரண்டு வருஷம் போன பிறகு ஒரு நாள் சீலிங்கில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன், டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி விரல் உள்ளே போனது. அப்புறம்தான் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு நானே கழற்றி நானே மாட்டினேன்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பெரும்பாலும் மழை கொட்டும் ராத்திரியில், படுக்கைமேல் பாத்திரத்தை வைத்துவிட்டு. எல்லாருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் செய்வதற்குப் பதில் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்து, ஐரோப்பிய வண்டிகளுக்கு. கனடா, அமெரிக்க வண்டிகளின் கூரை வேறு மாதிரி, அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

கூரை ஜன்னல்னு எதைச் சொல்றீங்க? எல்லா வண்டியிலயும் ஒண்ணுதானா?

கூரையில் துளை வெட்டிப் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல். சின்னதற்கு 40க்கு 40 சென்டிமீட்டர் துளை, நடுத்தரம் 70க்கு 50, உட்காரும் இடத்துக்கு மேலே வரும் பெரியது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். ஹெக்கி, எம்பிகே, ஃபியாமா என்று பெயர்கள் மாறும், கட்டுமானம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மேலே அக்ரிலிக் மூடி, அநேகமாக இரட்டை அடுக்கு. அது உட்காரும் வெளிச்சட்டம் கூரைக்கு மேலே. கொசுவலையும் திரையும் உள்ள உள்சட்டம் சீலிங் பக்கம். இரண்டு சட்டமும் நடுவில் கூரையை வைத்து ஸ்க்ரூவால் கவ்விப் பிடித்திருக்கும். தண்ணீரைத் தடுப்பவை இரண்டு: மூடிக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே ஒரு ரப்பர், வெளிச்சட்டத்துக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை. கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் ரப்பரைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பத்து வருஷம் தாண்டிய வண்டியில் நான் பார்த்தவரை போயிருப்பது அடியில் இருக்கும் பசைதான்.

அக்கா, ராத்திரி மழையே இல்ல. ஆனா காலையில ஜன்னல்ல இருந்து முகத்துல சொட்டுது. இது ஒழுகலா?

மழை இல்லை என்றால் அநேகமாக ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுதான். வண்டிக்குள் 20 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று தண்ணீராகப் படியும். ஏப்ரல் மாத ராத்திரியில் கூரை ஜன்னலின் சட்டம் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். நான்கு பேர் மூடிய வண்டிக்குள் தூங்கி, அதற்கு முன் ரசம் வைத்து, துண்டையும் உள்ளேயே காயப்போட்டால் எவ்வளவு ஈரம் என்று நினைத்துப் பாருங்கள். கேஸ் அடுப்பே தண்ணீரை உண்டாக்கும். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது, அது முழுக்க வண்டிக்குள்தான்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மூச்சு ஈரம் சட்டத்தின் நான்கு பக்கமும் முத்து முத்தாக, தெளிந்த நீராக இருக்கும், வண்டியின் மற்ற ஜன்னல்களிலும் இருக்கும். ஒழுகல் ஒரு மூலையில் மட்டும் வரும், அநேகமாகத் தேநீர் நிறத்தில் கறை விடும், மழை நின்ற பிறகும் சில மணி நேரம் சொட்டும். மூச்சு ஈரம்தான் என்றால் பசை வாங்காதீர்கள். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து, தூங்கும்போது ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்கள், போதும்.

மூடியோட ரெண்டு அடுக்குக்கு நடுவுல பனி மாதிரி படிஞ்சிருக்கு. உடைஞ்சிடுச்சா?

லேசான மூட்டமா, தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மூட்டம் என்றால் பயம் இல்லை. இரட்டை அடுக்கு அக்ரிலிக் முழுக்கக் காற்று புகாமல் மூடியது அல்ல, குளிரில் படியும், வெயிலில் தானாகப் போய்விடும். தண்ணீர் தேங்கி, வண்டி திரும்பும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடினால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. கீல், கைப்பிடி மாட்டிய ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிப் பாருங்கள், அங்கேதான் முதலில் கீறும்.

ஈரக்கறை ஜன்னலுக்கு ஒரு அடி தள்ளி இருக்கு. அப்போ ஜன்னல் காரணம் இல்லதானே?

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஓடு உடைந்த இடம் ஒன்று, தண்ணீர் சொட்டும் இடம் வேறொன்று. உடைந்த இடத்தில் இறங்கிய தண்ணீர் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு ஓடி, இரண்டு முழம் தள்ளி, அம்மா அடுக்கி வைத்த துணிமேல் சொட்டும். வண்டிக் கூரையும் அப்படித்தான். மேலே அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, நடுவில் தெர்மாக்கோல் போன்ற நுரை, அதற்குள் மரச்சட்டங்கள், கீழே 3 மில்லிமீட்டர் பிளைவுட். உள்ளே புகுந்த தண்ணீர் மரச்சட்டத்தோடு போய் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜன்னல் ஓரத்தில் சொட்டுவதால் ஜன்னல்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. ஜன்னல் துளைதான் சீலிங்கில் திறந்திருக்கும் பெரிய வாசல், முன்னால் இருக்கும் டிவி ஆன்டெனாவின் அடியிலோ சோலார் வயர் இறங்கும் இடத்திலோ புகுந்த தண்ணீரும் அங்கே வந்துதான் வெளியேறும்.

சரி, எங்கிருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இரண்டு ஆள் வேண்டும், தோட்டத்துக் குழாய் வேண்டும், ஒரு மழையில்லாத பகல் வேண்டும். உள்சட்டத்தைக் கழற்றிவிட்டு (ஸ்க்ரூ மூடிகளைத் தட்டையான பிளாஸ்டிக்கால் நெம்பினால் வரும்), துளையின் ஓரத்தை நன்றாகத் துடைத்து, சுற்றிலும் டாய்லெட் பேப்பரை ஒட்டி வையுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் அது நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே இருப்பவர் தண்ணீரை மெதுவாக விட வேண்டும், பீய்ச்சக் கூடாது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போய் இல்லாத ஒழுகலைக் காட்டும். சரிவில் தாழ்ந்த பக்கத்தில் ஆரம்பித்து மேலே போங்கள். முதலில் வெளிச்சட்டம் கூரையைத் தொடும் கோட்டில், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம். நான்கு பக்கமும் முடிந்த பிறகுதான் மூடியின் ரப்பர்மேல். அதற்கும் பிறகுதான் ஆன்டெனா, சோலார், கூரைக் கம்பிகள், ஆனிங் (வண்டிப் பக்கத்தில் விரிக்கும் நிழல் துணி) மாட்டிய இடம் என்று ஒவ்வொன்றாக. எடுத்தவுடனே எல்லா இடத்திலும் தண்ணீரை ஊற்றினால் ஒழுகுகிறது என்று மட்டும்தான் தெரியும், அது ஏற்கெனவே தெரிந்ததுதானே.

எங்கள் வண்டியில் மூன்றாவது பக்கம் வரை ஒன்றுமே இல்லை. என் கணவர் குழாயை வண்டியின் முன்பக்க ஓரத்துக்கு நகர்த்தி ஏழாவது நிமிஷத்தில், இடது மூலையில் பேப்பரின் ஒரு முனை மெல்லச் சாம்பல் நிறமானது, அப்புறம் அந்த ஈரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவ்வளவுதான். சொட்டு கூட விழவில்லை. இரண்டு வருஷமாக நாங்கள் பசை பூசிக்கொண்டிருந்தது பின்பக்கத்து ஓரத்தில்.

அக்கா, மேலால சிலிக்கன் அடிச்சு விட்டா நிக்காதோ?

கொஞ்ச நாள் நிற்கும், அதுதான் பிரச்சினை. நின்றதாக நினைத்து நாம் விட்டுவிடுவோம், உள்ளே மரம் ஊறிக்கொண்டிருக்கும். பழைய பசைமேலும் அழுக்குமேலும் அடித்த சிலிக்கன் ஓரத்தில் தோலாக உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் போய்ப் பதுங்கும். வெளியே வழி இல்லாததால் அது உள்ளேதான் இறங்கும். வினிகர் வாசம் வரும் வகை அலுமினியத்தை அரிக்கவும் செய்யும்.

எல்லாவற்றையும்விட மோசம், சிலிக்கன் பட்ட இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கன் கூட ஒட்டாது. எங்கள் வண்டியில் பெரியவர் அடித்தது ஒன்று, அதற்கு மேல் நாங்கள் அடித்தது மூன்று, ஆக நான்கு அடுக்கு. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது, ஜன்னலை மாட்டுவதற்கு இரண்டு மணி நேரம்தான். ஊரில் எம்சீல் வைத்து அடைத்துப் பழகிய கை, எனக்குத் தெரியும். இங்கே அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

நாளைக்குக் காலையில ஸ்காட்லாந்து கிளம்பறோம், இன்னைக்குத்தான் பார்த்தோம். இப்ப என்ன பண்றது?

கிளம்புங்கள். கூரையைத் துடைத்து நன்றாகக் காயவைத்து (ஹேர் ட்ரையர் போதும், மிதமான சூட்டில்), பியூட்டைல் பசை (இறுகாமல் பிசைந்த மாவு போலவே இருக்கும் ரப்பர்ப் பசை) பூசிய அலுமினிய டேப்பைச் சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே நான்கு பக்கமும் ஒட்டி, ரோலரால் அல்லது பழைய ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். முன்பக்கம் கடைசியில் ஒட்டுங்கள், அப்போதுதான் அது மற்ற டேப் முனைகளின் மேல் படிந்து எதிர்க்காற்றில் கிளம்பாமல் இருக்கும். லேக் டிஸ்ட்ரிக்டில் சீத்வெய்ட் என்ற ஊர்ப்பக்கம், வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டர் வாக்கில் மழை பெய்யும் இடம், சென்னை மழையைப் போல இரண்டரை மடங்கு, அங்கே மூன்று நாள் இந்த டேப்போடு காய்ந்த படுக்கையில் தூங்கியிருக்கிறோம்.

மூடிமேல் டேப் படக் கூடாது, ஜன்னல் திறக்க வேண்டும். சாதாரணத் துணி டேப் வேண்டாம், அதன் பிசின் கூரையில் தங்கிவிடும். திரும்பி வந்ததும் டேப்பை எடுத்துவிட்டு ஒழுங்கான வேலையைச் செய்யுங்கள். டேப் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுவதுதான் நாங்கள் செய்த தவறு.

மூடி ரப்பர்தான்னு சோதனையில தெரிஞ்சிடுச்சு. மாத்தணுமா?

முதலில் சுத்தம் செய்யுங்கள். பாதி நேரம் ரப்பருக்கு அடியில் பாசி, இலைத்துணுக்கு, மரப்பிசின் சிக்கி மூடியை ஒரு மில்லிமீட்டர் தூக்கி வைத்திருக்கும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவைத்து, ரப்பருக்கென்று விற்கும் பராமரிப்பு ஸ்டிக்கையோ முகப்பவுடரையோ தடவுங்கள். கிரீஸும் பெட்ரோலிய எண்ணெயும் ரப்பரை ஊத வைக்கும், வேண்டாம். தாழ்ப்பாள் இறுக்கமாக இழுத்து மூடுகிறதா என்றும் பாருங்கள். ரப்பர் தட்டையாகி எழும்பவே இல்லை, மூலையில் பிளந்திருக்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும்.

மூடியில மயிரிழை மாதிரி விரிசல். சூப்பர் க்ளூ போட்டா ஒட்டாதா?

போடாதீர்கள், விரிசல் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து இன்னும் ஓடும். அக்ரிலிக்குக்கு ரசாயனம் ஆகாது. ஸ்பிரிட், அசிட்டோன், தின்னர், ஆல்கஹால் கலந்த கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, எது பட்டாலும் சில நாளில் சிலந்தி வலை மாதிரி நுண்விரிசல் விழும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பளபளவென்று இருக்கட்டும் என்று சமையலறை ஸ்பிரேயால் துடைத்தே நல்ல மூடியைக் கெடுத்துக்கொண்டது. சோப்புத் தண்ணீர், மென்துணி, அவ்வளவுதான்.

விரிசல் விழுந்த மூடிக்குத் தெளிவான டேப் ஒட்டி ஒரு பயணத்தை முடிக்கலாம். அப்புறம் மூடியை மட்டும் தனியாக வாங்கி மாட்டுங்கள். பல மாடல்களுக்கு முழு ஜன்னலை வாங்காமல் மூடி மட்டும் கிடைக்கும், சட்டத்தின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிள் எண்ணைச் சொன்னால் போதும். விரிசலோடு வேகமாக ஓட்டாதீர்கள், காற்று தூக்கினால் மூடி பின்னால் வரும் காரின்மேல் போய் விழும்.

எந்தப் பசை வாங்கறது? கடையில பத்து வகை இருக்கு, எல்லாத்துலயும் வண்டிப் படம் போட்டிருக்கு.

குழப்பம் நியாயமானது. இரண்டு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இறுகாத வகை, பியூட்டைல் டேப் அல்லது குழலில் வரும் டெக்காலினின் 8936 மாதிரி, வருஷக்கணக்கில் பிசைந்த மாவு போலவே இருக்கும். இன்னொன்று இறுகி ரப்பராகி ஒட்டிப் பிடிக்கும் வகை, சிக்காஃப்ளெக்ஸ் வரிசையில் பல. கூரை ஜன்னலின் சட்டத்தைப் பிடித்திருப்பது ஸ்க்ரூக்கள். பசை இடைவெளியை நிரப்பினால் போதும், ஒட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது கூரை நெளியும், வெயிலில் விரியும், அதோடு சேர்ந்து நெளிய இறுகாத வகைதான் நல்லது. அடுத்த தடவை கழற்றுவதும் சுலபம். நான் போட்டது அதுதான்.

சோலார் பேனல் தாங்கிகள் மாதிரி ஸ்க்ரூ இல்லாமல் ஒட்ட வேண்டியவற்றுக்கு இறுகும் வகை. ஆனால் பாலியூரித்தேன் வகைப் பசைகள் சிலவற்றின் தயாரிப்புத் தாளிலேயே அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கில் விரிசல் வரலாம் என்று போட்டிருக்கும், மூடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உங்கள் ஜன்னலோடு வந்த கையேட்டில் எந்தப் பசை என்று எழுதியிருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள்.

நானே கழட்டி மாட்டலாமா? இல்ல கடைக்குத்தான் போகணுமா?

40க்கு 40 ஜன்னல் என்றால் கை பழகியவர்கள் தாராளமாகச் செய்யலாம். பெரியதற்கு இரண்டு பேர் வேண்டும், மோட்டாரில் திறப்பது என்றால் ஃபியூஸை எடுத்துவிட்டு வயரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் மழை இல்லாத, கொஞ்சம் வெப்பமான வாரம் பாருங்கள், மே முதல் செப்டம்பர் வரை. குளிரில் பியூட்டைல் கல்லாகிவிடும்.

உள்சட்டம் கழன்ற பிறகு வெளிச்சட்டம் பழைய பசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரும்பால் நெம்பாதீர்கள், கூரைத் தகடு மடங்கிவிடும். பிளாஸ்டிக் ஆப்பு, அல்லது மீன்பிடி நரம்பை மூலையில் நுழைத்து ரம்பம் மாதிரி இழுத்தால் பசையை அறுத்துக்கொண்டு போகும். கழன்ற பிறகு கூரையை நிறம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். மிச்சம் ஒட்டியிருக்கும் பியூட்டைலை, பசையிலேயே ஓர் உருண்டை பிடித்து ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும், கையில் ஒட்டிய சப்பாத்தி மாவை மாவாலேயே எடுப்போமே அந்த மாதிரி. துளையின் ஓரத்தை விரலால் சுற்றி வந்து பாருங்கள், மரச்சட்டம் கெட்டியாக இருக்கிறதா என்று. அங்கே மரமே இல்லாமல் நுரை மட்டும் இருந்தால் அளவாக மரம் வெட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்க்ரூ இறுக்க இறுக்க நுரை நசுங்கும், இறுக்கம் நிற்காது.

மாட்டும்போது பசை அறுபடாத ஒரே வளையமாகப் போக வேண்டும், டேப் என்றால் முனைகள் மூலையில் சந்திக்கக் கூடாது, நேர்ப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும். முன்பக்கம் எது என்று சட்டத்தில் குறி இருக்கும், பாருங்கள். ஸ்க்ரூக்களைச் சக்கரத்து நட்டு மாதிரி எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கையாலேயே முடுக்குங்கள். டிரில் மெஷின் வைத்தால் சட்டம் டக்கென்று வெடிக்கும். நான்கு பக்கமும் பசை ஒரே அளவில் பிதுங்கி வருவதுதான் அடையாளம். மறுநாள் ஒரு கால் சுற்று முடுக்கிவிட்டு, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கிவிடுங்கள். எனக்குப் பசையும் மற்ற சாமானும் சேர்த்து முப்பது பவுண்டுக்குள் முடிந்தது.

மேல ஏறி நின்னு செய்யலாமா?

நிற்காதீர்கள். சில கூரைகள் ஆள் எடை தாங்கும், பல தாங்காது, கையேடு இல்லாமல் எது என்று தெரியாது. ஏணியோ சின்னச் சாரமோ வைத்துப் பக்கவாட்டிலிருந்து செய்யுங்கள், ஏறியே ஆக வேண்டுமென்றால் பலகை போட்டு எடையைப் பரப்பி முட்டி போடுங்கள். ஈர ஃபைபர் கூரை சோப்பு மாதிரி வழுக்கும், மூன்று மீட்டர் உயரம். தனியாக ஏறாதீர்கள்.

ஜன்னல் சரியாயிடுச்சு. ஆனா உள்ள மரம் ஊறியிருக்கே, அது தானா காயுமா?

தானாகக் காயாது, இரண்டு பக்கமும் மூடிய சாண்ட்விச்சுக்குள் காற்று எப்படிப் போகும்? இருபது முப்பது பவுண்டில் ஈரமானி ஒன்று வாங்குங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 20 வரை கண்காணிக்க வேண்டும், 20க்கு மேல் தேட வேண்டும், 30ஐத் தாண்டினால் மரம் சேதமாகிக்கொண்டிருக்கிறது என்று இங்கே பணிமனைகளில் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே இடத்து எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஜன்னலைச் சுற்றிப் பத்து இடத்தில் எடுத்து ஒரு தாளில் படம் போட்டு வாராவாரம் எழுதுங்கள். இறங்குகிறதா ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

உள்சட்டத்தைக் கழற்றி வைத்து, துளை ஓரம் திறந்திருக்க, வண்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓடவிடுங்கள். குளிர்காலத்தில் கம்ப்ரசர் வகை சரியாக வேலை செய்யாது, டெசிகன்ட் வகை (ஈரத்தை உறிஞ்சும் பொருள் உள்ளது) வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். எங்களுக்கு 28இலிருந்து 14க்கு வர ஐந்து வாரம் ஆனது. அழுத்தினால் உள்ளே போகும் பிளைவுட் காய்ந்தாலும் பலம் திரும்பாது, அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கத்தான் வேண்டும். காய்வதற்கு முன்னால் புது சீலிங் ஒட்டி மறைக்காதீர்கள், ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும்.

மழையில நிறுத்தி வச்சா ஒழுகல. ஓட்டும்போது மட்டும் ஒழுகுது. ஏன்?

இரண்டு காரணம் உண்டு. வேகமாகப் போகும்போது மழை மேலிருந்து விழுவதில்லை, முன்னாலிருந்து அடிக்கிறது. ஜன்னலின் முன் ஓரத்துக்கு அடியில் காற்று தண்ணீரைத் தள்ளும், குழாயால் மெதுவாக விட்ட சோதனையில் இது தெரியாமல் போகலாம். இரண்டாவது, நிறுத்தியிருந்த வண்டியின் கூரைமேல் தேங்கிய தண்ணீர் முதல் பிரேக்கில் அலையாக முன்னால் ஓடிவரும். ஓட்டுபவரின் தலையில் அரை டம்ளர் தண்ணீர் விழுந்தது என்று சொன்னவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் கிளம்பி முதல் சிக்னலில்.

இன்னொன்று, பல மாடல்களில் மூடியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் காற்று போகச் சின்ன வழி வைத்திருப்பார்கள். பக்கக்காற்றோடு அடிக்கும் மழையில் அந்த வழியாகச் சில துளி வரலாம். அது பழுது இல்லை.

அப்ப அந்தக் காத்து ஓட்டையை டேப் போட்டு அடைச்சிடறேனே?

கூடவே கூடாது. கேஸ் எரியும் வண்டி அது, அந்த வழியை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். அடைத்துவிட்டு ராத்திரி அடுப்போ ஹீட்டரோ கோளாறானால் கார்பன் மோனாக்சைடு வெளியேற இடமில்லை, அதற்கு வாசம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். குளிர்கிறது என்றால் இன்னொரு போர்வை. கார்பன் மோனாக்சைடு அலாரம் வண்டியில் இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

நான் கனடாவில இருக்கிறன் அக்கா. இங்கத்த ஆர்வீக்கும் இதேதானோ?

சோதனையும் சிலிக்கன் பற்றிச் சொன்னதும் அப்படியே பொருந்தும், பொருத்தும் விதம் வேறு. அங்கே வழக்கமான துளை 14க்கு 14 அங்குலம், சட்டத்தின் விளிம்பை மேலிருந்தே கூரையில் ஸ்க்ரூ போட்டு இறக்கியிருப்பார்கள். விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப், ஸ்க்ரூ தலைகளை மூடி மேலே தானாகப் பரவும் சீலண்ட், டைகோர் என்று கேட்டால் கொடுப்பார்கள். கூரை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர் விரிப்பு அல்லது டிபிஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பு. ஈபிடிஎம்மை பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதனாலும் துடைக்காதையுங்கோ, ஊதிக் கிளம்பிவிடும். உங்கள் ஊர்க் குளிரில் சீலண்ட் வெடிக்கும், ஆகவே வசந்தத்தில் ஒரு தடவை, பனிக்கு முன்னால் ஒரு தடவை மேலே பாருங்கோ.

வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு. டீலர் 'பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்'ங்கறார். இன்சூரன்ஸ் கொடுக்குமா?

இங்கிலாந்தில் டீலரிடம் வாங்கியிருந்தால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பழுதுள்ள வண்டியை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். அதைத் தாண்டி ஆறு மாதத்துக்குள் என்றால், வாங்கும்போதே பழுது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது டீலர். சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வண்டியின் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஒழுகும் கூரையை வயது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. போனில் பேசாதீர்கள், போட்டோவும் ஈரமானி எண்களும் வைத்து ஈமெயில் அனுப்புங்கள். தனியாளிடம் வாங்கியிருந்தால், எங்களைப் போல, இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர் பொய் சொல்லி விற்றிருந்தால் ஒழிய.

இன்சூரன்ஸ் பெரும்பாலும் கொடுக்காது, மெல்ல மெல்ல ஊறிய சேதத்தைத் தேய்மானம் என்று விலக்கி வைத்திருப்பார்கள். மரக்கிளை விழுந்து மூடி உடைந்தது என்றால் வேறு கதை. ஓரளவு புது வண்டி என்றால் தயாரிப்பாளரின் நீர்க்கசிவு உத்தரவாதம் இருக்கிறதா பாருங்கள். வருஷா வருஷம் ஈரச் சோதனை செய்து முத்திரை வாங்கியிருந்தால்தான் அது செல்லும், ஒரு வருஷம் விட்டாலும் போச்சு.

எல்லாம் நீங்க சொன்னபடி செஞ்சாச்சு. ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் அதே இடத்துல சொட்டுது. மனசே விட்டுப்போச்சு.

எங்களுக்கும் இது நடந்தது, அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் இது புதுத் தண்ணீரா, பழைய தண்ணீரா என்று பாருங்கள். கூரைக்குள் தங்கியிருந்த ஈரம் வெயில் வந்ததும் கிளம்பி மறுபடி சொட்டுவது உண்டு. மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறதா, நிறம் பழுப்பா, ஈரமானி எண் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறதா? அப்படியென்றால் பொறுத்திருங்கள், காய்கிறது.

எண் ஏறுகிறது என்றால் ஜன்னலைத் தொடாதீர்கள், அதைச் சரியாகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், இந்தத் தடவை ஜன்னலை விட்டுவிட்டு அதற்கு முன்னால் உள்ளவற்றில் ஆரம்பியுங்கள். எங்களுக்கு அது டிவி ஆன்டெனா. ஜன்னலிலிருந்து எண்பது சென்டிமீட்டர் முன்னால், அதன் அடித்தட்டில் நான்கு ஸ்க்ரூ, அதில் ஒன்றின் தலையைச் சுற்றி மட்டும் பசை தூளாகிப் போயிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றியபோது அது முழுக்கத் துருப்பிடித்து, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.